கான்டெசாவுக்கு ஒரு பெரிய இன்ஜின்



இதை எழுதும்போது அல்லிநகரத்தில் ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. மேசையில் கிடக்கும் காகிதம் ஒவ்வொன்றின் மேலும் ஒரு நட்டோ போல்ட்டோ வைத்திருக்கிறோம். அப்படி ஒரு பழைய ஆயில் பிளக்கின் அடியில் மூன்று வாரமாக ஒரு கடிதம் இருக்கிறது. எழுதியவர் நம் ஊர்ப் பையன். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். தாத்தா வாங்கிய கான்டெசா, தகரக் கொட்டகையில் 11 வருடமாக நிற்கிறதாம். தேனி தனி மாவட்டம் ஆவதற்கு முன்பு, நாமெல்லாம் மதுரை மாவட்டத்துக்காரர்களாக இருந்த காலத்தில் பதிவான வண்டி. போனட்டுக்குள் இருப்பது 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். கோயம்புத்தூரில் வெளிநாட்டு ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒன்று கியர்பாக்ஸோடு கிடைக்கிறது, பணமும் சேர்த்துவிட்டேன், போடலாமா என்று கேட்கிறார். கடைசி வரி இது: "தாத்தா இருந்திருந்தா போட விட்டிருப்பாரான்னு தெரியல, நீங்க சொல்லுங்க."

ஒரு அட்டையில் ஆம், இல்லை என்று எழுதி அனுப்பிவிட மனம் வரவில்லை. எனக்கும் இந்த விஷயத்தில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் அந்தத் தம்பிக்கே தருகிறேன். மற்றவர்களும் கூட இருந்து கேட்க வேண்டும்.

கான்டெசாவைப் பார்த்திராத இளைய வாசகர்கள் இருப்பார்கள். நீண்ட போனட், அகலமான முகம், தாழ்ந்த உடம்பு. நம் நாட்டு மசில் கார் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் நிறுவனம் செய்த கார் அது. அதன் அச்சுகளை வாங்கி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்து 1984-இல் விற்பனைக்கு விட்டது. 2002 வரை வந்தது. சாலையில் எதிரே வந்தால் அம்பாசிடர்களும் பத்மினிகளும் ஒதுங்கி வழிவிடுகிற மாதிரியான தோற்றம். ஆனால் ஆரம்பத்தில் அதற்குள் வைத்த இன்ஜின் அம்பாசிடரில் இருந்த அதே 1489 சி.சி. இன்ஜின்தான். சுமார் 50 குதிரைத்திறன். பயில்வான் உடம்புக்குப் பள்ளிக்கூடப் பையனின் மூச்சு.

அந்தக் குறையைத் தீர்த்தது எந்தத் தெருப் பட்டறையும் இல்லை, அந்த நிறுவனமே தீர்த்தது. ஜப்பானின் இசுசு நிறுவனத்தோடு கைகோத்து 1.8 லிட்டர் இன்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் கொண்டுவந்து அதே உடம்பில் வைத்தார்கள். 88 குதிரைத்திறன். 'கான்டெசா கிளாசிக்' என்று பெயர் மாறியது. அதற்குப் பிறகுதான் அந்தக் காருக்கு முகத்துக்கு ஏற்ற நடை வந்தது. 1990-களின் தொடக்கத்தில் அம்பாசிடருக்கும் அந்த இசுசு இன்ஜின் போனது. இசுசு இன்ஜின் வைத்த வண்டி என்றால் அன்றைக்குக் கல்யாண வீட்டில் தனி மரியாதை.

ஆகவே தம்பி, உங்கள் ஆசையை விபரீத ஆசை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தக் காரைச் செய்தவரே அதற்குப் பெரிய இன்ஜின் வைத்துக் காட்டியிருக்கிறார். அது மட்டுமில்லை. மசில் கார் என்கிற இனமே இன்ஜின் மாற்றிப் பிறந்ததுதான்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் போன்டியாக் நிறுவனத்தில் ஜான் டெலோரியன் என்ற பொறியாளர் இருந்தார். அவரோடு பில் காலின்ஸ், ரஸ் ஜீ என்று இருவர். டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காரில் 326 கன அங்குல இன்ஜின் இருந்தது. பெரிய கார்களில் போடுகிற 389 கன அங்குல வி8 இன்ஜினுக்கும் அதே மவுண்டிங்தான். வெளி அளவும் ஒன்றே. சின்னதைத் தூக்கிவிட்டுப் பெரியதை வைத்தால் எதையும் வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம். ஆனால் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், நடுத்தரக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று விதி போட்டிருந்தது. இவர்கள் தனி மாடலாகக் காட்டாமல், வாடிக்கையாளர் விரும்பினால் கூடுதலாக வாங்கிக்கொள்ளும் வசதி என்று விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதுதான் 1964-ஆம் ஆண்டின் ஜி.டி.ஓ. 6.4 லிட்டர், 325 குதிரைத்திறன். முதல் வருடமே 32,450 வண்டிகள் போயின.

அதோடு நிற்கவில்லை. பென்சில்வேனியாவில் டான் யென்கோ என்ற கார் வியாபாரி, ஷெவர்லே கமேரோ கார்களைத் தன் கடைக்கே வரவழைத்து, உள்ளே இருந்த இன்ஜினைக் கழற்றி 427 கன அங்குல இன்ஜினை வைத்து விற்றார். ஏழு லிட்டர். ஓர் ஊர்க் கடைக்காரர் செய்ததைப் பார்த்து, 1969-இல் தொழிற்சாலையே அவருக்காக அந்த இன்ஜினோடு கார்களைச் செய்து கொடுத்தது.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட நெருக்கமாகத் தோன்றுவது ஓர் ஆங்கிலேயக் கதை. எம்.ஜி.பி. என்று ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார். அதில் இருந்த நாலு சிலிண்டர் இன்ஜின், நம் அம்பாசிடரிலும் தொடக்கக்கால கான்டெசாவிலும் இருந்த இன்ஜினின் உடன்பிறப்பு. பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரீஸ் என்ற ஒரே குடும்பம். கென் காஸ்டெல்லோ என்ற பந்தய ஓட்டுநர் அந்த வார்ப்பிரும்பு இன்ஜினைக் கழற்றிவிட்டு, ரோவரின் 3.5 லிட்டர் அலுமினிய வி8 இன்ஜினை வைத்தார். கொள்ளளவு இரண்டு மடங்கு, ஆனால் அலுமினியம் என்பதால் எடை ஏறத்தாழ அதே அளவு. முன்பக்க ஸ்பிரிங் திணறவில்லை, ஸ்டீயரிங் கனக்கவில்லை. அதைப் பார்த்த பிறகு 1973-இல் நிறுவனமே எம்.ஜி.பி. ஜி.டி. வி8 என்று விற்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது எடையை. பெரிய இன்ஜின் என்றதும் சி.சி.யையும் குதிரைத்திறனையும் மட்டுமே கேட்கிறோம். 'எத்தனை கிலோ?' என்று கேட்கிறவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். தம்பி கடிதத்திலும் அது இல்லை.

இதே ரோவர் வி8 இன்ஜினோடு தமிழ்நாட்டுக்கும் ஒரு சோகமான தொடர்பு உண்டு. இங்கிலாந்தில் அந்த இன்ஜினோடு ஓடிய ரோவர் எஸ்.டி.1 என்ற அழகான காரை, 1985-இல் சென்னைப் பெருங்களத்தூரில் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெயரில் செய்தார்கள். உடம்பு வந்தது, வி8 வரவில்லை. பழைய வேன்கார்டு கார் காலத்து நாலு சிலிண்டர் இன்ஜினைத் திருத்தி, 1991 சி.சி.யில் வைத்தார்கள். 3528 சி.சி.க்காகக் கட்டிய வீட்டில் அது குடியிருந்தது. விற்பனை சுருங்கி, 1988-இல் ஆலை மூடியது. ஒரு காரில் எந்த இன்ஜின் இருக்க வேண்டும் என்பது வெறும் விளையாட்டுப் பிள்ளைகளின் பேச்சு இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். இன்ஜின் மாற்றுவது நமக்குப் புதிதா? தேவாரம், போடி, கம்பம் என்று எந்த ஊரிலும் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து ரோட்டுக்கு வந்தால் ஏலத்தோட்ட ஜீப்புகளைப் பார்க்கலாம். வில்லிஸ் காலத்துப் பெட்ரோல் ஜீப்புகளில் டீசல் இன்ஜின் ஏற்றியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதில் யாரும் வேகத்தைத் தேடவில்லை. இழுவை வேண்டும், எண்ணெய்ச் செலவு குறைய வேண்டும், மேலே தோட்டத்தில் நின்றுபோனால் கையில் இருக்கும் ஸ்பேனரால் சரிசெய்ய முடிய வேண்டும். அந்த மூன்று தேவைக்காக நம் மெக்கானிக்குகள் செய்த மாற்று வேலைகளை எந்தப் பொறியியல் கல்லூரியின் பாடப் புத்தகத்திலும் பார்க்க முடியாது. அவர்கள் கைக்கு நான் தலைவணங்குகிறேன்.

இனி என் பழைய கணக்கு.

என் பெரியப்பாவிடம் ஓர் அம்பாசிடர் இருந்தது. பூப்பாறைப் பக்கம் சின்ன ஏலத்தோட்டம். வாராவாரம் சனிக்கிழமை சம்பளம் கொடுக்கப் போடிமெட்டு வழியாகப் போய் வருவார். அந்த 1489 சி.சி. இன்ஜின் முந்தல் தாண்டியதும் செகண்ட் கியருக்கு வந்துவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகளும் செகண்டில்தான். வளைவில் எதிரே லாரி வந்துவிட்டால் ஃபர்ஸ்ட். போய்ச் சேர ஆகிற நேரத்தில் பெரியம்மா ஒரு முழப் பூ கட்டி முடித்துவிடுவார். அந்த மெதுவான பயணத்தை நாங்கள் பிள்ளைகள் சலித்துக்கொள்வோம். பெரியப்பாவுக்கும் சலித்துவிட்டது.

நான் பத்தாவது முடித்த வருடம், வீரபாண்டித் திருவிழா முடிந்த கையோடு, விபத்தில் அடிபட்ட ஒரு வண்டியின் இசுசு இன்ஜினை விலைக்கு வாங்கிவந்தார். வேலை நடந்த பட்டறையின் பெயர் இங்கே தேவையில்லை. குறை அந்தப் பட்டறையினுடையதும் இல்லை, அவர்கள் கேட்ட வேலையை அருமையாகச் செய்தார்கள். வேப்பமரக் கிளையில் செயின் பிளாக் மாட்டி ஒரே பகலில் பழைய இன்ஜினை இறக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். புதியதை வைப்பதற்கு மூன்று வாரம் ஆனது. மவுண்டிங் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. ஆயில் சம்ப் கிராஸ் மெம்பரில் இடித்தது. ஸ்டீயரிங் தண்டில் கியர் போடும் ஏற்பாட்டை எடுத்துவிட்டு, தரையில் ஓட்டை போட்டுக் கியர் ராடைக் கொண்டுவந்தார்கள். புரொப்பலர் ஷாஃப்ட் நீளம் சரிவராமல் லேத்தில் வெட்டிச் சேர்த்து, பாலன்ஸ் பார்க்க மதுரைக்கு அனுப்பினார்கள். ரேடியேட்டர் மாறியது. சைலன்சர் குழாய் வளைந்து போன வழியே வேறு. ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு அந்த மெக்கானிக் ஒரு கோடு போட்ட நோட்டில் அளவு எழுதிவைப்பார்.

முதல் சனிக்கிழமை ஐந்து பேர் ஏறினோம். போடி விலக்கு தாண்டியதும் வண்டி பறந்தது. மலையில் தேர்ட் கியரிலேயே ஏறியது. பெரியப்பா முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு. ஜீப்புகளை முந்தினார். நாங்கள் கை தட்டினோம்.

திரும்பி இறங்கும்போது அவர் நாலாவது கியரில் இறங்கினார். வளைவு வரும்போது பிரேக், வளைந்ததும் விடுவது, அடுத்த வளைவில் மறுபடியும் பிரேக். பாதி மலை இறங்கியபோது லைனர் கருகும் வாடை வந்தது. முதலில் வேறு ஏதோ வண்டி என்று நினைத்தோம். அடுத்த வளைவில் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. வண்டி வேகம் குறையவில்லை. பெரியம்மா "ஏங்க" என்றார், அவ்வளவுதான். பெரியப்பா தேர்ட், செகண்ட் என்று கியரை அடித்துத் தள்ளி, மலைப்பக்கத்து மண்சுவரில் இடதுபுறம் முழுக்க உரசி நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை. நாலு சக்கரத்திலிருந்தும் புகை.

பின்னால் ஆளேற்றி வந்த ஒரு ஜீப் நின்றது. ஓட்டுநருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். இறங்கியதும் முதலில் சக்கரத்துக்குக் கல் வைத்தார். பெரியப்பா கேனை எடுத்துப் பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். "ஊத்திராதீங்கண்ணே, வெடிச்சிரும். தானா ஆறட்டும்." பிறகு போனட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்ஜினு மாத்திருக்கீங்க. பிரேக்கு?"

பிரேக் பழையதுதான். நாலு சக்கரத்திலும் டிரம். ஐம்பது சொச்சம் குதிரைத்திறனுக்காகப் போட்டது. அதைத் தொட வேண்டும் என்று பெரியப்பாவுக்கும் தோன்றவில்லை, பட்டறைக்காரரிடம் அவர் கேட்கவும் இல்லை.

மலை ஓட்டுநர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, வாசகர்கள் பலருக்கும் தெரிந்திருக்கும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது. ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. அந்த வழக்கம் பலமில்லாத இன்ஜின்கள் சொல்லிக்கொடுத்தது. பழைய இன்ஜின் செகண்டில்தான் ஏற முடியும், ஆகவே செகண்டில் இறங்குவார்கள், இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக்குக்கு வேலை குறைவு. இன்ஜின் பெரிதானதும் ஏற்றத்தில் கிடைத்துக்கொண்டிருந்த அந்தப் பாடம் நின்றுவிட்டது. தேர்டில் சிரமமில்லாமல் ஏறுகிற வண்டி, இறங்கும்போது எந்த கியர் பாதுகாப்பு என்று சொல்வதில்லை. மலை அதே மலை. இறக்கத்தின் சரிவு ஓர் அங்குலமும் குறையவில்லை.

கணக்கு போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆளோடு சேர்த்து ஒன்றரை டன் எடை கொண்ட வண்டி, போடிமெட்டிலிருந்து அடிவாரத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் முழுவதும் எங்காவது சூடாகப் போயாக வேண்டும். அந்தச் சூட்டில் நாற்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். சுமார் மூன்று குடம். கியர் குறைத்து இறங்கினால் அதில் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொண்டு ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியே விடும். கியரை மறந்தால் மூன்று குடச் சூடும் நாலு டிரம்முக்குள். வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டியை நிறுத்துவதைவிட 60-இல் வருவதை நிறுத்த இரண்டே கால் மடங்கு வேலை.

அமெரிக்கக்காரர்களுக்கும் இதே பாடம் கிடைத்தது. நான் மேலே புகழ்ந்த 1964 ஜி.டி.ஓ.வில் 325 குதிரைத்திறனுக்குப் பிரேக் என்ன தெரியுமா? நாலு சக்கரத்திலும் ஒன்பதரை அங்குல டிரம். அன்றைக்கே அதைக் குறை சொன்னார்கள். முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர்கள் கொடுத்தது 1967-இல்தான். சமவெளி மாநிலமான மிச்சிகனில் உட்கார்ந்து செய்தவர்களுக்கு மூன்று வருடம் ஆனது. நமக்கு அல்லிநகரத்திலிருந்து மேற்கே பார்த்தாலே மலை. அந்தச் சாக்கு நமக்குச் செல்லாது.

ஆகவே தம்பி, வரிசையைத் தலைகீழாக்குங்கள். இன்ஜின் வாங்கச் சேர்த்த பணத்தில் முதலில் பிரேக்கைச் செய்யுங்கள். 11 வருடம் நின்ற வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர், சக்கர சிலிண்டர், ஹோஸ், குழாய், எதையும் நம்ப முடியாது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், அந்த ஈரத்தால் அது சீக்கிரம் கொதிக்கும், குழாயும் உள்ளுக்குள் துரு பிடிக்கும். அடுத்து ஸ்டீயரிங் ஜாயின்ட்டுகள், முன் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டயர். டயர் பட்டன் தேயாமல் புதிது போலத்தான் இருக்கும், ஆனால் பக்கவாட்டில் விரல் வைத்து மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரியும். பிறகு ரேடியேட்டர். இவ்வளவும் முடிந்த பிறகு இன்ஜின் பேச்சு.

இன்ஜினிலும் உங்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு சிலிண்டர் வேண்டாம். அதன் மேல் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. அது நீளம், கனம். முன்சக்கரத்தின் மேல் கூடும் எடையால் வளைவில் வண்டி நேராக ஓடப் பார்க்கும். அதன் இழுவையைத் தாங்கப் பின் ஆக்ஸிலும் கிரவுன் பினியனும் மாற வேண்டும். அவை மாறினால் பின் பிரேக் மாறும். ஃபயர்வாலை வெட்டினால் உடம்பின் உறுதி போகும். கடைசியில் தாத்தா கையெழுத்திட்டு வாங்கிய வண்டியில் கதவும் கண்ணாடியும்தான் மிஞ்சும்.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் (ஆர்.சி.) விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. இன்ஜின் எண் ஆர்.சி.யில் இருக்கிறது. எழுத்தில் அனுமதி வாங்காமல் மாற்றினால் செக்போஸ்ட்டில் மட்டுமல்ல, விபத்து என்று வரும்போது காப்பீட்டுப் பணம் கேட்கிற இடத்திலும் பிரச்சினை வரும். அடிபட்டவர் வேறொருவராக இருந்தால், அந்தக் குடும்பத்தின் முகத்தில் நீங்கள் எப்படி விழிப்பீர்கள்? கோபமாகக் கேட்கவில்லை. பெரியப்பாவின் வண்டி அன்றைக்கு மலைப்பக்கம் திரும்பியதால் உரசலோடு போனது. எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால் கீழே இருந்த வளைவில் ஒரு ஜீப் நிறைய ஆட்கள்.

இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பயன்படும். 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டி, சேசிஸ், உடம்பு, இன்ஜின் மூன்றும் மாறாமல் அசல் நிலையில் இருக்கும் வண்டிக்குத்தான் அந்தப் பதிவு. முதல் கான்டெசாக்கள் அந்த வயதை எட்டுவது 2034-இல். ரொம்பத் தூரமில்லை. இன்றைக்குக் காயலான் கடைக்குப் போகிற 1489 சி.சி. இன்ஜினை அன்றைக்கு எங்கே தேடுவீர்கள்?

எனவே என் யோசனை இது. தாத்தாவின் இன்ஜினையே முதலில் கழற்றிப் பாருங்கள். பி-சீரீஸ் இன்ஜின் பிடிவாதக்காரன், சுலபத்தில் சாகாது. போர் செய்து, பிஸ்டன் மாற்றி, தலை தேய்த்து, கார்புரேட்டரைச் சுத்தம் செய்தால் அது ஓடும். அம்பாசிடர் ஓடிய நாட்டில் அதற்கு வேலை தெரிந்த கை இன்னும் இருக்கிறது. ஒரு வருடம் அதிலேயே ஓட்டுங்கள். போடிமெட்டுக்கு செகண்டில் ஏறி செகண்டில் இறங்குங்கள். அதற்குப் பிறகும் மனம் கேட்காவிட்டால், அதே நிறுவனம் அதே உடம்புக்குக் கொடுத்த இசுசு 1.8 இருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கேட்பதற்கு அதில் ஒரு நியாயம் உண்டு. அனுமதி கைக்கு வந்த பிறகு செயின் பிளாக்கை மாட்டுங்கள். கழற்றிய இன்ஜினுக்குள் எண்ணெய் விட்டு, துணி சுற்றி, அந்தத் தகரக் கொட்டகையிலேயே ஸ்டாண்டில் வையுங்கள்.

தாத்தா விட்டிருப்பாரா என்று கேட்டிருந்தீர்கள். பெரியப்பாவை வைத்துத்தான் என்னால் சொல்ல முடியும். அவர் அந்த இசுசு இன்ஜினைக் கழற்றவில்லை. அன்றைக்கு இரவே பிரேக் வேலைக்கு வண்டியை விட்டார், அடுத்த நாலு வாரம் தோட்டத்துக்குப் பஸ்ஸில் போனார். பிரேக் முழுக்கப் புதிதாகி வந்த பிறகு, ஆர்.சி. வேலைக்கும் தானே அலைந்தார். பிறகு 12 வருடம் அந்த வண்டி மலை ஏறி இறங்கியது. இறங்கும்போது கியர் ராடின் மேல் இடக்கை இருக்கும், செகண்டை விட்டு நகராது. இடதுபுற உரசலை மட்டும் டிங்கரிங் செய்ய அவர் விடவே இல்லை.

தம்பி, வண்டி கிளம்பாது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வர வேண்டாம், ஆடி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் வருகிறோம். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் கொண்டுவருவோம். நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிடலாம். உங்களுக்காக நானே தேடிப் போய், அந்தப் பழைய மெக்கானிக்கின் கோடு போட்ட நோட்டையும் அவர் மகனிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறேன்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கான்டெசாவின் பிரேக் சாமான், ஸ்டீயரிங் ஜாயின்ட், முன் ஸ்பிரிங் எது உங்கள் கொட்டகையில் கிடந்தாலும், விலையைக் குறித்து அல்லிநகரம் அலுவலகத்துக்கு ஒரு கார்டு போடுங்கள். அடுத்த இதழில் அச்சிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்